ஈரத்துக்கு ஒரு தராசு

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் இருக்கிறது ராமநகரம். ஆசியாவின் மிகப் பெரிய பட்டுக்கூடுச் சந்தை என்று பெயர் வாங்கிய ஊர். அதன் சுற்றுவட்டாரத்தில் ஒரு புழு வளர்ப்பு மனைக்குள் நுழைந்தால் மல்பெரி இலையின் பச்சை வாசனையும், ஓலைக்கூரையில் தூறல் விழுவது போன்ற ஒரு சன்னமான சத்தமும் எதிர்கொள்ளும். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் இலை தின்னும் சத்தம் அது. பல மனைகளில் சுவரில் ஒரு மரப்பலகை தொங்கும். அதில் இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்றின் குமிழ் வெறுமனே இருக்கும். மற்றதன் குமிழில் வெள்ளைத் துணி சுற்றி, துணியின் வால் ஒரு சின்னத் தண்ணீர்க் குப்பிக்குள் இறங்கியிருக்கும்.

வீட்டுக்காரர்கள் இலை போட வரும்போதெல்லாம் அந்தப் பலகையை ஒரு பார்வை பார்க்கிறார்கள். காரணம் இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த புதுப் புழுவுக்கு 27, 28 டிகிரி வெப்பமும் 85 முதல் 90 சதவீதம் ஈரப்பதமும் வேண்டும். நான்கு முறை தோல் உரித்து முதிர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 சதவீதமும் போதும். ஈரம் குறைந்தால் தட்டில் போட்ட இலை சீக்கிரம் வாடிவிடும்; புழு அரை வயிற்றோடு நிற்கும். கடைசிப் பருவத்தில் ஈரம் கூடினால் பூஞ்சணம் பிடித்து, புழுக்கள் சுண்ணாம்புக் கட்டி போல விறைத்துப் போகும். ஏறத்தாழ நான்கு வாரப் பாடு இரண்டே நாளில் மண்ணாகிவிடும்.

ஆகவே அந்தப் பலகை அலங்காரத்துக்கு மாட்டியதல்ல. ஒரு குடும்பத்தின் அடுத்த மாத வரவு செலவு அதில் தொங்குகிறது.

கருவியின் ரகசியம் எளிது. ஈரத் துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது குமிழ் குளிர்கிறது. காற்று வறண்டிருந்தால் ஆவியாவது வேகமாக நடக்கும், குளிர்ச்சியும் அதிகம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது மந்தம். இரண்டு தெர்மாமீட்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். உலர் குமிழ் 27, ஈரக் குமிழ் 25 என்றால் ஈரப்பதம் சுமார் 85 சதவீதம். உலர் குமிழ் 25, ஈரக் குமிழ் 21 என்றால் சுமார் 70. இடையிலுள்ள வித்தியாசத்தை அட்டவணையில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகப் படிக்க எதுவுமில்லை.

ஆனால் இந்த எளிய கருவிக்குள் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. குப்பியில் தண்ணீர் தீர்ந்து துணி காய்ந்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டு தெர்மாமீட்டர்களும் ஒரே அளவைக் காட்டும். அதற்கு அட்டவணை சொல்லும் அர்த்தம்: ஈரப்பதம் 100 சதவீதம். அதாவது, அறை வறண்டு கிடக்கும் நேரத்தில்தான் கருவி 'ஈரம் நிரம்பி வழிகிறது' என்று சாதிக்கும். அதை நம்பி ஜன்னலைத் திறந்துவிட்டால் மிச்சமிருந்த ஈரமும் போய்விடும். துணி முழுவதும் காய வேண்டும் என்றுகூட இல்லை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றி வந்தால் துணியில் காரை படியும், தண்ணீர் ஏறாது, ஈரக் குமிழ் போதுமான அளவு குளிராது, கருவி இரண்டு மூன்று புள்ளி, சில சமயம் பத்துப் புள்ளிகூடக் கூட்டிச் சொல்லும். காய்ச்சி வடித்த தண்ணீரோ சுத்தமான மழைத் தண்ணீரோ ஊற்ற வேண்டும். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். கருவியை விற்பவர் சொல்ல மறந்துவிடும் விஷயம் இதுதான்.

காற்றின் ஈரத்தை அளப்பதில் மனிதன் பட்ட பாட்டின் கதை முழுவதுமே இப்படித்தான். கருவி கண்டுபிடிப்பது சுலபமாக இருந்திருக்கிறது. அதை உண்மை பேச வைப்பதுதான் கஷ்டம். இந்தக் கதையின் இரண்டு முக்கிய அத்தியாயங்களுக்குப் பெங்களூர் வட்டாரத்தோடு சம்பந்தம் உண்டு.

முதல் அத்தியாயம் திப்பு சுல்தான் வீழ்ந்த கையோடு தொடங்குகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799-ல் விழுந்தது. அடுத்த ஆண்டே வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பெங்களூருக்கு அருகே சங்கிலி போட்டு ஓர் அடிக்கோட்டை அளந்தார். பிறகு 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் இன்னொரு அடிக்கோடு. இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக வகுத்து அளந்த மாபெரும் நில அளவை அங்கிருந்து கிளம்பியது. லாம்டனுக்கு உதவியாக மைசூர்ப் பகுதியில் அலைந்தவர்களில் ஒருவர் ஹென்றி கேட்டர் என்ற இளம் லெப்டினன்ட்.

குன்றுக்குக் குன்று தொலைநோக்கி வைத்துக் கோணம் அளப்பது அவர்கள் வேலை. இடையிலுள்ள காற்று ஒளிக்கதிரைக் கொஞ்சம் வளைத்துவிடும். அந்த வளைவில் காற்றின் ஈரத்துக்கு எவ்வளவு பங்கு என்பது அன்றைய அளவைக்காரர்களை உறுத்திய கேள்வி. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த ஈரமானிகள் கேட்டருக்குத் திருப்தி தரவில்லை. அவர் கண் காலடியில் கிடந்த ஒரு புல்லின் மேல் விழுந்தது.

தென்னிந்தியாவின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் நடந்தவர்களுக்கு அந்தப் புல்லை நன்றாகவே தெரியும். வேட்டியிலும் புடவைக் கரையிலும் ஈட்டி போலக் குத்திக்கொண்டு வீடு வரை வரும். ஆட்டு ரோமத்தில் புகுந்தால் தோலைத் துளைக்கும். மேய்ப்பவர்களுக்குத் தொல்லை, கேட்டருக்கு அதிர்ஷ்டம். கன்னடத்தில் அதன் பெயர் 'ஊபின ஹுல்லு' என்று குறித்துக்கொண்டார். விதையின் நுனியில் நீண்டிருக்கும் மீசை, கயிறு போல முறுக்கிக்கொண்டிருக்கும். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும். காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். இரவுப் பனியிலும் பகல் வெயிலிலும் இப்படி அவிழ்ந்து முறுக்கித்தான் விதை தன்னைத்தானே திருகாணி போல மண்ணுக்குள் செலுத்திக்கொள்கிறது. இயற்கை செய்துவைத்த யந்திரம்.

கேட்டர் அந்த மீசையின் ஒரு முனையைச் சட்டத்தில் இறுக்கி, மறு முனையில் ஒரு முள்ளை இணைத்தார். வறட்சியிலிருந்து ஈரத்துக்குப் போகும்போது முள் ஒரு சின்ன வளைவு அல்ல, பல முழுச் சுற்றுகள் சுற்றியது. அந்த அளவுக்கு நுட்பம். சுற்றுகளை எண்ணிக் கணக்கு வைக்கவும் ஏற்பாடு செய்தார். கல்கத்தா ஆசியச் சங்கத்தின் ஆய்விதழில், ஒன்பதாம் தொகுதியில், இந்தக் கருவியைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளியாயிற்று. உடல்நலம் கெட்டு 1808-ல் இங்கிலாந்து திரும்பிய கேட்டர், பிற்பாடு புவியீர்ப்பை அளக்கும் ஊசலைச் செய்து உலகப் புகழ் பெற்றார். கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் 'கேட்டர் ஊசல்' ஆட்டிய இயற்பியல் மாணவர்களில், அதே மனிதர் மைசூர்ப் புல்லை வைத்து ஈரம் அளந்தவர் என்று அறிந்தவர்கள் குறைவு.

அன்றைய சந்தேகம் பின்னால் தீர்ந்தது. ஒளிக்கதிர் வளைவதில் காற்றின் வெப்பமும் அழுத்தமும்தான் பெரிய ஆட்கள். ஈரத்தின் பங்கு சொற்பம். ஆனால் புல்மானியின் தத்துவம் பொய்க்கவில்லை. உயிருள்ள பொருள்கள் ஈரத்தை உறிஞ்சினால் நீளும், தடிக்கும், முறுக்கு அவிழும். ஜெனீவாவின் ஹொராஸ் தெ சோசூர் 1783-ல் மனிதத் தலைமுடியை வைத்து இதே காரியத்தைச் செய்திருந்தார். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய முடி, முழு வறட்சியிலிருந்து முழு ஈரம் வரை போகும்போது நூற்றில் இரண்டு, இரண்டரைப் பங்கு நீளும். ஒரு நெம்புகோலையும் முள்ளையும் சேர்த்தால் ஈரமானி தயார். சுழலும் உருளையில் காகிதம் சுற்றி, முள்ளின் நுனியில் மை தொட்டு, ஒரு வாரத்து ஈரத்தைத் தானே எழுதும் முடி ஈரமானிகள் நெடுங்காலம் வானிலை நிலையங்களில் கோலோச்சின.

பார்க்கப்போனால் தமிழர் வீடுகளில் ஈரமானிக்கு எப்போதும் பஞ்சமில்லை. உப்பு ஜாடி கசிகிறது, அப்பளம் நமுத்துப்போகிறது, ஐப்பசியில் கதவு நிலையில் சிக்கிக்கொள்கிறது. கச்சேரி நடுவே மிருதங்கக்காரர் கல்லைத் தேடுகிறார். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் வேர் பிடித்ததற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் 1902-ல் நவீன ஏர்கண்டிஷனரை வடிவமைத்ததுகூட மனிதர்களைக் குளிர்விக்க அல்ல. புரூக்ளின் அச்சகம் ஒன்றில் ஈரத்தால் காகிதம் விரிந்து வண்ணங்கள் விலகியதைத் தடுக்கத்தான்.

ஆனால் அப்பளம் எண் சொல்லாது. 'கொஞ்சம் ஈரம்', 'ரொம்ப ஈரம்' என்பதற்கு மேல் போக வேண்டுமானால் தராசு வேண்டும், படிக்கல் வேண்டும், படிக்கல் சரியானது என்று உத்தரவாதம் வேண்டும். இரண்டாவது அத்தியாயம் இந்த உத்தரவாதத்தைப் பற்றியது. அதன் நாயகி அன்னா மணி.

பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர். தந்தை என்ஜினீயர், ஏலக்காய்த் தோட்டங்களும் இருந்தன. சென்னையில் இயற்பியல் படித்து, 1940-ல் உதவித்தொகை பெற்றுப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். சி.வி. ராமனின் பரிசோதனைச் சாலையில் இடம் கிடைத்தது. வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உமிழ்கின்றன என்பது ஆராய்ச்சி. ஒரு புகைப்படத் தகட்டில் நிறமாலை பதிய 15, 20 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவுகள் பரிசோதனைச் சாலையிலேயே கழிந்தன. 1942-க்கும் 1945-க்கும் இடையே அவர் தனியாக எழுதிய ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியாயின.

1945-ல் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அந்தக் காலத்தில் பெங்களூர் கழகத்து ஆய்வுகளுக்குப் பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி அது பட்டம் தர மறுத்தது. ஆனர்ஸ் பட்டம், ஆராய்ச்சி உதவித்தொகை, ஐந்து கட்டுரைகள் எதுவும் எடுபடவில்லை. அந்த ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் பட்டம் பெற்ற ஏடுகளோடு ஏடாக இருக்கிறது. அன்னா மணி கடைசிவரை டாக்டர் பட்டம் இல்லாமலே இருந்தார். அதைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவும் இல்லை.

அரசு உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனபோது இயற்பியல் ஆராய்ச்சி செய்யத்தான் ஆசை. கிடைத்ததோ வானிலைக் கருவிகளில் பயிற்சி. ஏமாற்றமாகத் தோன்றிய அந்த வாய்ப்புதான் நாட்டுக்கு லாபமாயிற்று. 1948-ல் திரும்பி, புணேயில் இந்திய வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். சுதந்திர இந்தியா அப்போது வெப்பமானியைக்கூட வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தது. அவரும் சகாக்களும் சேர்ந்து ஏறத்தாழ நூறு வகை வானிலைக் கருவிகளுக்குத் துல்லியமான வரைபடங்கள் தயாரித்து, உள்நாட்டிலேயே உற்பத்தி நடக்க வழி செய்தார்கள். 1953 வாக்கில் அந்தப் பிரிவுக்கு அவரே தலைவர். கீழே வேலை பார்த்த 121 பேரும் ஆண்கள்.

அவர் பிடிவாதம் ஒன்றே ஒன்று: ஒப்பீடு. எந்தக் கருவியும் வெளியே போகுமுன் தரமான ஒரு மூலக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட வேண்டும். தவறான அளவு எடுப்பதைவிட அளவே எடுக்காமலிருப்பது மேல் என்பது அவர் கட்சி. அளவு இல்லையென்றால் தெரியவில்லை என்ற ஜாக்கிரதையாவது இருக்கும்; தவறான அளவு கையிலிருந்தால் தெரியும் என்ற தைரியம் வந்துவிடும். காய்ந்த துணி 100 சதவீதம் காட்டும் ராமநகரத்துப் பலகையை நினைத்துப் பார்த்தால், இதில் தத்துவம் எதுவும் இல்லை, வெறும் அனுபவம் என்பது புரியும்.

1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, நாடு முழுவதும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலையை நிறுவினார். பலூனில் கட்டி அனுப்பி ஓசோனை அளக்கும் இந்தியக் கருவியும் அவர் முயற்சியில் உருவானது. துணை டைரக்டர் ஜெனரலாக 1976-ல் ஓய்வு பெற்றதும், பழைய பெங்களூருக்கே திரும்பினார். ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று ஆண்டு வருகைதரு பேராசிரியர். நந்தி மலையில் மில்லிமீட்டர் அலை வானியல் ஆய்வுக்கான ஏற்பாடுகளிலும் பங்கெடுத்தார். அந்த வேலைக்கும் ஈரத்துக்கும் உறவு உண்டு. விண்வெளியிலிருந்து வரும் மில்லிமீட்டர் அலைகளைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும். தொலைநோக்கி எவ்வளவு பெரியது என்பதற்கு முன், தலைக்கு மேலே எவ்வளவு நீராவி நிற்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

பிறகு பெங்களூரிலேயே காற்று வேகத்தையும் சூரிய சக்தியையும் அளக்கும் கருவிகள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்கூடத்தை நடத்தினார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுப் புள்ளிவிவரங்களைத் தொகுத்த அவரது நூல்கள் 1980-லும் 1981-லும் வந்தன. நாடெங்கும் கம்பம் நட்டுக் காற்றை அளந்த கணக்கு 1983-லிருந்து அடுத்தடுத்து அச்சேறியது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பிற இடங்களிலும் காற்றாலைகள் சுழல்வதற்கு முன், எங்கே எவ்வளவு காற்று என்று யாராவது நம்பும்படி சொல்லவேண்டியிருந்தது. 2001-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். சிறு வயதில் தொடங்கிய கதர் உடுத்தும் பழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை.

இத்தனைக்கும் பிறகு காலம் மாறிவிட்டது. ஈரமானிக்குள் புல்லும் இல்லை, முடியும் இல்லை. பின்லாந்தின் வைசாலா நிறுவனம் 1973-ல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஈரமானியாக்கியது. இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே இருக்கும் படலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்போது, அது மின்னூட்டத்தைத் தாங்கும் அளவு மாறுகிறது. அந்த மாற்றம்தான் எண்ணாகத் திரையில் வருகிறது. அதே தத்துவத்தில் இயங்கும் சில்லுகள் இன்று மலிந்துவிட்டன. பெங்களூர் எஸ்.பி. ரோட்டின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரமானி கிடைக்கிறது. புழு மனைகளிலும் காளான் கூடாரங்களிலும் மரப்பலகை இருந்த இடத்துக்கு அது வந்துகொண்டிருக்கிறது. துணி மாற்ற வேண்டாம், அட்டவணை பார்க்க வேண்டாம். கொட்டை எழுத்தில் எண் தெரிகிறது.

எண் தெரிவது வேறு, எண் சரியாக இருப்பது வேறு. மலிவான இரண்டு ஈரமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று 58 என்றும் மற்றது 65 என்றும் காட்டுவது சகஜம். தூசி, புகை, மருந்துத் தெளிப்பு எல்லாம் அந்தப் படலத்தின் புத்தியை மெல்ல மெல்ல மாற்றிவிடும். பழைய பலகையில் துணி அழுக்கானால் கண்ணுக்காவது தெரியும். சில்லுக்குள் அழுக்கு சேர்ந்தால் திரை அதே பளபளப்போடு தப்பான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்குச் சமையலறையிலேயே மருந்து இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணலின் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். உப்பு கரைந்து ஓடிவிடக் கூடாது. அந்த மூடியையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். உப்புக் கரைசலுக்கு மேலே உள்ள காற்று 75 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். இது இயற்கையின் சட்டம், ஊருக்கு ஊர் மாறாது. டப்பாவுக்குள்ளேயே வைத்து எண்ணைப் பார்க்க வேண்டும். கருவி 81 காட்டினால், அந்த அளவை ஒட்டி ஆறு புள்ளி கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம். எழுதி ஒட்டிவிட்டால் முடிந்தது வேலை. பரிசோதனைச் சாலைகளும் இதே முறையின் நுணுக்கமான வடிவத்தைத்தான் கையாளுகின்றன.

பழைய பலகைக்காரர்களுக்கும் பெங்களூர் ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் ஆவியாகும் கணக்கும் மாறும். உலர் குமிழ் 34, ஈரக் குமிழ் 20 என்ற ஒரே ஜோடி எண்ணுக்குக் கடலோரத்தில் 26 சதவீதம் என்றால், பெங்களூரில் 28. சென்னையில் அச்சடித்த அட்டவணையைப் பெங்களூரில் மாட்டினால் இந்த வித்தியாசம் வரும். புழுவுக்கு இரண்டு புள்ளி பெரிதல்ல. ஆனால் ஆராய்ச்சிக்குப் பெரிது.

சதவீதம் என்ற சொல்லிலேயே ஒரு மயக்கமும் உண்டு. மார்ச் மாதப் பிற்பகலில் பெங்களூரில் 33 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது ஏறக்குறைய 11 கிராம் நீராவி. சென்னையில் 32 டிகிரி, 70 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 24 கிராம். டிகிரியில் சென்னை ஒரு படி குறைவு. அவஸ்தையில் பல படி அதிகம். வேர்வை ஆவியாக அங்கே காற்றில் இடமில்லை.

இந்த அவஸ்தை உயிர்ப் பிரச்னையாக மாறும் கட்டமும் உண்டு. நவி மும்பையின் கார்கரில் 2023 ஏப்ரல் 16-ந் தேதி திறந்தவெளியில் நடந்த ஓர் அரசு விழாவில் லட்சக்கணக்கானவர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு பேர் இறந்துபோனார்கள். வெப்பநிலை 40 டிகிரியைக்கூட எட்டவில்லை. ஆனால் அது கடலோரம். உடம்பைக் கொல்வது உலர் குமிழ் காட்டும் சூடு மட்டுமல்ல. ஈரக் குமிழ் காட்டும் சூடும்தான். ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டரும் வேர்த்த உடம்பும் ஒரே ஜாதி. துணி குளிராத இடத்தில் உடம்பும் குளிராது. ஈரக் குமிழ் 35 டிகிரியில் சில மணி நேரம் நின்றால் எந்த ஆரோக்கியசாலியும் தாங்க மாட்டார் என்று 2010-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பின்னால் வந்த பரிசோதனைகள், இளைஞர்களுக்கே அந்த எல்லை இன்னும் சில டிகிரி கீழே என்று காட்டின. வயதானவர்களுக்கும் வெயிலில் கட்டடம் கட்டுபவர்களுக்கும் அது இன்னும் நெருக்கம்.

பணமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நஷ்டஈடு, வயலைப் பார்த்து முடிவாவதில்லை. அருகிலுள்ள வானிலைக் கருவி காட்டிய எண்ணை வைத்து முடிவாகிறது. மழை, வெப்பம், காற்றோடு சில பயிர்களுக்கு ஈரப்பதமும் கணக்கில் சேரும். ஈரம் நீடித்தால் நோய் வரும் என்பதே நியாயம். கர்நாடகம் இந்த விஷயத்தில் முன்னோடி. பெங்களூர் எலஹங்காவில் உள்ள மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் ஹோப்ளி வாரியாகத் தானியங்கி வானிலை நிலையங்களையும், கிராமப் பஞ்சாயத்து வாரியாக மழைமானிகளையும் நிறுவியிருக்கிறது. கம்பங்கள் ஏராளம், அவை அனுப்பும் எண்களும் ஏராளம். அன்னா மணியின் கேள்வி இங்கேதான் திரும்ப வருகிறது: அந்தக் கம்பத்தின் உச்சியிலிருக்கும் சில்லைக் கடைசியாக ஒப்பிட்டுப் பார்த்தது எப்போது? கருவி ஐந்து புள்ளி குறைத்துச் சொன்னால், நோய் தின்ற தோட்டத்துக்குக் காகிதத்தில் நோயே இல்லை. விவசாயி யாரோடு வழக்காடுவார்?

புதுக் கருவி வாங்க நிதி ஒதுக்குவதில் அரசுகளுக்குத் தயக்கம் இல்லை. திறப்பு விழா உண்டு, புகைப்படம் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை அதைக் கழற்றித் துடைத்து ஒப்பிட்டு மாட்டுவதற்குத் திறப்பு விழா கிடையாது. வானிலை நிலையத்தின் வெள்ளைப் பலகணிப் பெட்டிக்குள் காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் எட்டிப் பார்த்து, துணி ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டு உறுதி செய்துகொண்டு எண்ணைக் குறித்த ஊழியர்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. நாட்டின் வானிலைப் புள்ளிவிவரங்கள் அவர்கள் விரல் நுனியில்தான் நின்றன.

ராமநகரத்து மனையில் இருட்டும் நேரத்துக்கு இலை போட வருபவர், தட்டுகளுக்குப் போகுமுன் சுவரோரம் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். குப்பியில் தண்ணீர் இருக்கிறதா, துணி வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் எண்ணைப் பார்க்க வேண்டும். அந்த வரிசை மாறாதவரை புழு பிழைத்துக்கொள்ளும்.